எங்கள் தட்டின் நிறங்களும் அக்காவின் மோர்ச்சோறும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து, கை கழுவி, பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்த நினைவு மலர் உங்கள் கையில் இருக்கும். அட்டையில் அக்காவின் படம். ரேஷன் கார்டுக்கு எடுத்த பழைய படத்தை ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கி, மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை உடுத்திவிட்டிருக்கிறார். உதட்டுக்குச் சிவப்பு, கன்னத்துக்கு ரோஸ். அப்படி ஒரு சேலை அக்காவிடம் இருந்ததில்லை. அப்படி ஒரு கன்னமும் கடைசிப் பத்து வருடங்களில் இருந்ததில்லை.

"படத்துக்குப் பூசின மாதிரி கட்டுரைக்கும் பெயின்ட் அடிச்சு வெக்காதீங்க மாமா. நடந்ததை எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள் அக்காவின் ஒரே மகள் யமுனா. நான் அக்காவின் ஒரே தம்பி. வண்டி உதிரிபாகங்களுக்கு வண்ணம் பூசும் தொழிற்சாலையில் நிறம் சரிபார்ப்பவன். ஒரு சிவப்புக்கும் இன்னொரு சிவப்புக்கும் உள்ள மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறேன். அதனால் அவள் சொன்னது சுருக்கென்று ஏறியது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு அக்காவின் படத்துக்கு முன் விரிக்கும் இலையில் என்ன வைப்பது என்று எங்கள் வீட்டில் பத்து நாளாகச் சண்டை. ஏழு காய் வைத்துப் படைக்க வேண்டும் என்கிறார் அக்காவின் கணவர், என் மச்சான். ஒரு காயும் கூடாது என்கிறாள் யமுனா. இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இதை எழுதி முடிப்பதற்குள் நான் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும்.

அக்கா பிறந்தது ராயக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில். அப்பா குத்தகை நிலத்தில் தக்காளி போட்டார். விலை விழுந்த வருடங்களில் சாலையோரம் சிவப்பாகக் குவிந்து கிடக்கும். லாரிகள் அதன் மேலேயே ஏறிப் போகும். வீட்டில் ராகிக் களி, கொள்ளுச் சாறு, வரப்பில் பறித்த கீரை, அழுகாத பக்கமாக அரிந்தெடுத்த தக்காளி. ஏங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. அரிசி இல்லாததால் தின்றோம்; பக்கத்து வீட்டில் சோறு கொதிக்கும் வாசனை வந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு தின்றோம். அந்தத் தட்டில் நான்கு நிறம் இருந்தது என்பதே எங்களுக்குத் தெரியாது. அது வறுமையின் நிறம் என்று மட்டும் தெரியும்.

எட்டாம் வகுப்போடு அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். நான் ஐ.டி.ஐ. வரை போனேன். இதுபோன்ற மலர்களில் இதைத் தியாகம் என்று எழுதுவது வழக்கம். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டினால் எடுத்தவனுக்கு வசதி.

மச்சான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஓசூரில் இயந்திர ஆபரேட்டர் வேலை. கூட வேலை பார்த்தவர் மூலம் வந்த சம்பந்தம். கல்யாணமான நாலாம் நாள் அக்கா களி கிண்டி, கீரைக் கடைசலோடு வைத்தார். மச்சான் விரலால் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, "என்னா மாப்ளே, உங்க அக்கா சுவருக்குப் பூச வேண்டிய கலவையைத் தட்டுல போட்டுட்டா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்; கம்பெனி வேலை மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெருமை எனக்கு. மறுநாளிலிருந்து அந்த வீட்டில் வெள்ளைச் சோறு. களி கிண்டும் துடுப்பு துணி துவைக்கப் போயிற்று.

யமுனா பிறந்து நடக்கத் தொடங்கியதும் அக்கா பாகலூர் சாலையில் ஒரு பாலிஹவுஸ் பண்ணைக்கு வேலைக்குப் போனார். பிளாஸ்டிக் கூரைக்குள் குடைமிளகாய்: சிவப்பு, மஞ்சள், பச்சை. அக்கா இருந்தது பேக்கிங் கொட்டகையில். வந்து இறங்கும் காயைத் துணியால் துடைத்து, நிறம் பார்த்து, அளவு பார்த்து, அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டும். முக்கால் சிவப்பு ஏறியது ஒரு பெட்டி, பச்சை வரி விழுந்தது வேறு பெட்டி. மதியம் லாரி எல்லை தாண்டி பெங்களூருக்குப் போய்விடும். அக்காவும் என்னைப் போலவே நிறம் பார்த்துப் பிழைத்தவர் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. என்னைவிட வேகமாகப் பார்த்தார். எனக்கு விளக்கு வெளிச்சமும் மாதிரித் தகடும் வேண்டும்; அவருக்குக் கண் போதும்.

கழித்துக் கட்டிய காயை வேலையாட்கள் எடுத்துப் போகலாம். வடு விழுந்தது, கோணியது, வெயிலில் ஒரு பக்கம் வெந்தது. அக்கா பை நிறையக் கொண்டுவருவார். பக்கத்து நிலங்களில் கிடைக்கும் முள்ளங்கி, பீட்ரூட், ஊதா முட்டைக்கோஸ் எல்லாம் அந்தப் பையில் சேரும். எனக்குக் கல்யாணமாகவில்லை. ராத்திரிச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். மச்சானுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு, யமுனாவுக்கு ஒன்று. நாங்கள் எழுந்த பிறகு அக்கா வாணலியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, ஒட்டியிருக்கும் தாளிப்பைத் துடைத்துச் சாப்பிடுவார். துடைக்க ஒன்றும் இல்லாவிட்டால் மோர்.

"உனக்குப் பொரியல்?"

"தீந்துட்டுதுடா. நல்லா இருந்துதா?"

"சூப்பர்க்கா."

இந்த மூன்று வரிகள்தான் எங்கள் பாசம். இருபது வருடங்கள் இதையே பேசினோம்.

ஒருநாள் அக்கா மறந்துவிட்டுப் போன போனைக் கொடுக்கக் கொட்டகைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். பெண்கள் கவிழ்த்த காய்ப்பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் மலைமலையாகச் சிவப்பும் மஞ்சளும். நடுவில் அக்காவின் டப்பா திறந்திருந்தது: வெள்ளைச் சோறு, வெள்ளைத் தயிர், ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாய்.

"என்னாக்கா, சோப்புத்தூள் விளம்பரத்துக்குப் போறியா?" என்றேன்.

அக்கா சிரித்தார். பக்கத்தில் இருந்த கெம்பம்மா சிரிக்கவில்லை. கன்னடம் பேசும் அந்த அம்மாள் தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி அவரைக்கொட்டைச் சாறை அக்காவின் சோற்றில் ஊற்றிவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்: "தினம் நாந்தான்பா ஊத்தறேன். உங்க வூட்ல யாரும் இதைத் தொறந்தே பாக்க மாட்டீங்களா?"

"சும்மா இரு கெம்பக்கா, கொழந்தைய மெரட்டாத" என்றார் அக்கா. அந்தக் குழந்தைக்கு அப்போது முப்பது வயது.

எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது இதைத்தான். "ஊட்ட ஆய்த்தா?" "தின்னாவா?" "சாப்ட்டியா?" அக்காவிடம் கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று மூன்று மொழியிலும் கேட்டிருக்கிறோம். என்ன சாப்பிட்டாய் என்று ஒரு மொழியிலும் கேட்டதில்லை.

நாற்பத்தைந்து வயதில் அக்காவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அது வந்து நாளாகியிருக்கும் என்றார் டாக்டர். அங்கிருந்த உணவு ஆலோசகர் ஒரு சின்னப் பெண். பொறுமையாகப் பேசினார். தட்டில் பாதி காயும் கீரையும் இருக்கட்டும், சோறு கால் பங்குக்கு மேல் ஏறக் கூடாது என்றார். கீரையின் பச்சையில் இரும்பும் ஃபோலேட்டும் உண்டு, கூடவே எலுமிச்சை பிழிந்தால் அந்த இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். கேரட், பூசணி, பப்பாளியின் மஞ்சளில் கண்ணுக்கு வேண்டியது இருக்கிறது. தக்காளியின் சிவப்பு வேறு, பீட்ரூட்டின் சிவப்பு வேறு, கத்தரித்தோல், நாவல்பழத்தின் ஊதா வேறு; ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது, அதனால் மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். எல்லாவற்றிலும் உள்ள நார், சர்க்கரையை ரத்தத்தில் தடதடவென்று ஏறவிடாமல் பிடித்து வைக்கும். "இது மருந்து இல்லம்மா, மாத்திரையையும் விடக் கூடாது. ஆனா தினமும் தட்டைப் பாத்து எத்தனை கலர் இருக்குன்னு எண்ணுங்க" என்று சொல்லி, வண்ணத்தில் அச்சிட்ட ஒரு தாள் கொடுத்தார்.

யமுனா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அன்றிலிருந்து அக்கா அந்தத் தாளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துச் சமைத்தார். திங்கள் முருங்கைக்கீரை, செவ்வாய் பூசணிக் கூட்டு, புதன் பீட்ரூட். விடிவதற்குள் எங்கள் மூவருக்கும் மூன்று டப்பாக்கள் வண்ணம் வண்ணமாக நிரம்பும். நான்காவது டப்பா தயிர்ச்சோறு. பண்ணை வண்டி வாசலில் ஹாரன் அடிக்கும் நேரத்தில் தனக்கென்று அக்காவால் கட்ட முடிந்தது அதுதான். அளவும் குறையவில்லை, காய் இல்லாத வயிறு சோற்றைத்தானே கேட்கும்.

பலன் கிடைத்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன். மச்சானுக்குக் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் ரத்தக் கொழுப்பு இறங்கியது. காய் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அவர் பீடியையும் விட்டார். ரத்தசோகையால் வகுப்பில் மயங்கி விழுந்த யமுனா மாத்திரையும் கீரையும் எலுமிச்சையுமாகத் தேறி, பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஓடினாள். எனக்கு வருடக்கணக்கில் இருந்த மலச்சிக்கல் போய்விட்டது. தொப்பை இறங்கி, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். பல நிறக் காய்கறி உடம்புக்கு நல்லதா என்று யாராவது கேட்டால் எங்கள் மூன்று பேரையும் பாருங்கள். நாங்கள்தான் சாட்சி. யாருக்காக அந்தத் தாள் கொடுக்கப்பட்டதோ அவர் மட்டும் அதைத் தின்னவில்லை.

மச்சான்கூட ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார்: "சுகர் உனக்கு, பத்தியம் எங்களுக்கா? நல்ல வியாதியாப் புடிச்ச போ." அதற்கும் சிரித்தோம்.

ஏழு வருடங்கள் கழித்து அக்காவின் கால் வீங்கியது. முகம் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் பெரும்பாலும் போய்விட்டன என்றார்கள். காய் தின்றிருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. மாத்திரையையும் அக்கா விட்டுவிட்டுத்தான் போட்டார். ஆனால் அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் அந்த ஃபிரிட்ஜ் கதவு நினைவுக்கு வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அங்கே இன்னொரு தாள் கொடுத்தார்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ், பொடி எழுத்து. அதை நான் வாங்கி, நான்காக மடித்து, ஸ்கேன் கவருக்குள் வைத்தேன். படிக்கவில்லை. ஒரு தாள்தான் வீட்டிலேயே ஒட்டியிருக்கிறதே என்று நினைத்தேன். இனியாவது அக்காவை அந்த நிறங்களையெல்லாம் சாப்பிடவைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. விடிந்ததும் உழவர் சந்தை. பீட்ரூட், பசலைக்கீரை, தக்காளி, ஆரஞ்சு. குற்ற உணர்ச்சியை அரைத்துக் குடிக்கக் கொடுக்க ஒரு மிக்ஸி போதும். காலை ஒரு டம்ளர், மாலை ஒரு டம்ளர், நடுவில் இளநீர்.

அக்கா மறுக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எனக்குன்னு இப்பத்தான் ஒரு டம்ளர் வருது, வேணாம்னு சொல்வனா?" என்றார். உதட்டுக்கு மேல் சிவப்பாக மீசை கட்டியிருந்தது. சந்தோஷமாக இருந்தார். இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் கால் எழவில்லை. பேச்சு குழறியது. ஆட்டோவில் போகும்போது நாடி விட்டுவிட்டு அடித்தது. அவசரப் பிரிவில் டாக்டர் இயந்திரத்தில் ஓடிய கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"என்ன கொடுத்தீங்க?"

சொன்னேன்.

"யாரு கொடுத்தது?"

கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல.

"சுகர் மட்டும் இருந்தப்போ இந்தக் காயைத் தட்டுல வெச்சிருந்தா அமிர்தம். இப்ப விஷம்" என்றார். கீரையிலும் தக்காளியிலும் இளநீரிலும் பொட்டாசியம் நிறைய உண்டு. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் தள்ள முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். ஸ்கேன் கவருக்குள் மடித்து வைத்திருந்த தாளில் இதெல்லாம் தமிழிலேயே இருந்தது. முதல் தாளில் வண்ணமாகச் சிரித்த காய்களில் பெரும்பாலானவை இரண்டாம் தாளில் 'தவிர்க்கவும்' என்ற தலைப்பின் கீழ் நின்றன.

அக்கா அன்று பிழைத்தார். அதன் பிறகு வாரம் இருமுறை டயாலிசிஸ். அனுமதித்த காயையும் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நிறமெல்லாம் சாக்கடைக்குப் போகும். தட்டுக்கு வருவது சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. அக்கா அதைப் பார்த்து, "என்னாடா, எனக்கு முன்னாடியே காயைக் குளிப்பாட்டிப் பாடையில ஏத்திட்டியா?" என்பார். நான் சிரிக்க முயல்வேன். "சிரி, சிரி. அன்னிக்கு என் டப்பாவைப் பாத்துச் சிரிச்ச இல்ல, அதே மாதிரி சிரி" என்றார் ஒருநாள். அக்கா அதை மறந்திருக்கவில்லை. பதினைந்து வருடம் வைத்திருந்து, பதமாகப் பழுத்த பிறகு எடுத்துக் கொடுத்தார்.

கடைசி வாரம், உடம்பு இனி டயாலிசிஸ் தாங்காது என்றார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார் டாக்டர். அக்கா ஆசைப்பட்டது தக்காளித் தொக்கு. ஒரு கரண்டி. நல்ல சிவப்பாக, எண்ணெய் மிதக்க.

யமுனா அடுப்பைப் பற்றவைத்தாள். நான் அணைத்தேன். டாக்டர் சொன்னது காதில் விழுந்திருந்தது, மனதில் விழவில்லை. ஒருமுறை என் கையால் கொடுத்து இதயம் நிற்கப் பார்த்தது. இன்னொருமுறை என் கையால் வேண்டாம் என்று பயம். "நாளைக்கு டாக்டர்கிட்ட இன்னொரு வாட்டி கேட்டுட்டுத் தரேன்க்கா" என்றேன்.

"நாளைக்கா?" அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. நீயே வெச்சுக்கோ."

மறுநாள் காலை காபி நேரத்தில் போய்விட்டார். கடைசியாக வாயில் போனது இரண்டு ஸ்பூன் மோர்ச்சோறு. தக்காளிகள் கூடையிலேயே இருந்தன. காரியம் முடியும்வரை அங்கேயே இருந்து, நாளுக்கு நாள் இன்னும் நன்றாகச் சிவந்தன.

இதைப் படிக்கும் உறவினர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உடம்பு சரியாக இருக்கும்போதே, தினமும், பல நிறத்தில் காயும் கீரையும் பழமும் சாப்பிடுங்கள். விலை உயர்ந்த குடைமிளகாய்தான் வேண்டும் என்றில்லை. அரைக்கீரையும் பூசணியும் கத்தரிக்காயும் கொள்ளும் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் தாளை மடிக்கும் முன் படியுங்கள். வீட்டில் சமைப்பவரின் டப்பாவைத் திறந்து பாருங்கள்.

டயாலிசிஸ் நாட்களில் வலிக்காமல் ஊசி குத்திய அந்த நர்ஸ் தங்கைக்கு நன்றி. கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கு நன்றி. இருபது வருடம் தினம் ஒரு கரண்டி அவரைக்கொட்டைச் சாறு ஊற்றிய கெம்பம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. அக்கா நிறமாக ஏதாவது தின்றிருந்தால் அது அந்தக் கரண்டியில் வந்ததுதான்.

இலை விஷயம் முடிவாகிவிட்டது. மச்சான் கடைசியாகச் சொன்னார்: "ஊரு என்னா சொல்லும் மாப்ளே? ஏழு காய் வெக்கக்கூட வக்கில்லாமப் போச்சுன்னு சொல்ல மாட்டாங்களா?"

யமுனா என் முகத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்: "உசுரோட கேட்டப்ப ஒரு கரண்டி வெக்கல. இப்ப போட்டோவுக்கு வெச்சு யாரைப்பா ஏமாத்தறோம்?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் யமுனாவின் பக்கம் சாய்ந்தேன். அவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, அன்று ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்கத் தாமே அரிவாள்மணையை எடுத்தார்.

ஆகவே, படத்துக்கு முன் உள்ள இலையில் நீங்கள் பார்ப்பது வெள்ளைச் சோறும் மோரும்தான். நாங்கள் அவருக்குக் கொடுத்தது அதுதான், அதையே படைத்திருக்கிறோம். முகம் சுளிக்க வேண்டுமானால் எங்களைப் பார்த்துச் சுளியுங்கள். உங்களுக்கான சமையலில் எல்லா நிறமும் உண்டு. தக்காளித் தொக்கும் உண்டு, நல்ல சிவப்பாக, எண்ணெய் மிதக்க. முதல் பந்தியில் பெண்கள் உட்காருவார்கள். மச்சானும் நானும் பரிமாறுகிறோம். "போதும், எனக்குக் கொஞ்சம் மோர் ஊத்துங்க" என்று எந்தப் பெண் சொன்னாலும் எங்கள் காதில் விழாது.

ஆண்களுக்குக் கடைசிப் பந்தி. அதற்குள் காயெல்லாம் தீர்ந்துவிடலாம்.

மோர் நிறைய இருக்கிறது.